காது தொட்ட சான்று

ஒரு மனிதர் ஓர் ஊரில் இருக்கிறார் என்றால், ஒன்று அவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லை, வேறெங்கிருந்தாவது அங்கே வந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் காகிதத்தில் காட்ட முடியாதவர் அந்த ஊரில் இல்லை. கண்ணெதிரே நின்று இருமினாலும் இல்லை.

இந்த உயர்ந்த தத்துவத்தை நடைமுறைப்படுத்துவதற்காகத் திருக்கழுக்குன்றம் சாலையில், ஓர் அரிசி மண்டியின் மாடியில், 'தாயகம் திரும்பியோர் பூர்வீக நிரூபணச் சிறப்புப் பிரிவு' என்ற அலுவலகம் எழுபதுகளின் நடுவில் சீரும் சிறப்புமாக இயங்கி வந்தது. சீரும் சிறப்புமாக என்பது அதன் ஆண்டறிக்கையில் உள்ள வாசகம்.

பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களுக்கு ஒரு காகிதம் கொடுப்பதுதான் பிரிவின் நோக்கம். காகிதம் வேண்டுபவர் ஏழாம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்து, பிறப்புச் சான்று, பயணச் சான்று, குடியிருப்புச் சான்று மூன்றையும் இணைக்க வேண்டும். "இந்த மூணும் கையில வெச்சிருக்கறவன் எதுக்குய்யா இந்த மாடி ஏறி வரப்போறான்?" என்று பியூன் ஏசுபாதம் முதல் வாரமே கேட்டார். அலுவலக ரகசியத்தை வெளியிட்டதாக அவருக்கு ஒரு மெமோ கொடுக்கப்பட்டது.

அந்த ஆண்டு எல்லோரும் நேரத்துக்கு வேலைக்கு வர வேண்டும் என்று மேலிடத்தில் ரொம்பக் கண்டிப்பு. மலை மேல் கழுகுகள் உச்சிவேளைக்குத் தவறாமல் வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போயின. அவற்றுக்கு வருகைப் பதிவேடு கிடையாது. பிரிவுக்கு இருந்தது. ஆகவே குமாஸ்தா தாமோதரன் மறுநாள் காலைக்கான கையெழுத்தை முதல் நாள் மாலையே போட்டுவிட்டு, மறுநாள் கழுகுகளுக்குப் பிறகு வந்தான்.

அவன் பெல்பாட்டம் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டே ஏறும். அதனால் ஏசுபாதம் படிக்கட்டைப் பெருக்குவதில்லை. முடி இரண்டு காதையும் மூடித் தோளில் விழுந்தது. மகாபலிபுரம் கடற்கரையில் படுத்துக் கிடக்கும் வெள்ளைக்காரப் பையன்களைப் பார்த்து வளர்த்த முடி. வாட்ச் பாரின், பேனா பாரின், சட்டைத் துணி பாரின். அவனிடம் இருந்தவற்றில் பாரின் இல்லாதது அவன் ஒருவன்தான். பாரினிலிருந்து மனிதர்கள் வந்து நின்றால் மட்டும் அவனுக்குப் பிடிக்காது.

பிரிவின் கண்காணிப்பாளர் சுப்புராமன். வயது ஐம்பத்து நான்கு. ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். ஆறு மாதமாக வலது தோள் இறுகிப்போய்க் கை மார்புக்கு மேல் எழும்பாது. காலையில் சட்டையை மகள் வரலட்சுமிதான் மாட்டிவிட வேண்டும். லஞ்சம் வாங்க மாட்டார், யாரையும் அதட்ட மாட்டார், எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார். யோசித்துவிட்டால் செய்யவே மாட்டார். தினமும் மத்தியானம் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போது, 'நான் நல்லவன்தானா?' என்று தன்னைத்தானே விசாரிப்பார். போதிய ஆதாரம் இல்லாமல் விசாரணை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும்.

ஜூன் மாதம் மூன்றாம் வாரம் இந்த மாடிக்கு நூர்முகமதுவும் அவர் மகள் ஷஹர்பானுவும் ஏறி வந்தார்கள்.

நூர்முகமது புதுப்பட்டினத்தில் அத்தோ வண்டி போட்டிருந்தார். பர்மா நூடுல்ஸில் முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுக்கிற பண்டம் அத்தோ. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட வந்த என்ஜினீயர்கள் சாயங்காலமானால் அவர் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே முட்டைகோஸ் நறுக்கிய ஷஹர்பானு, எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருந்தாள். கணக்கில் தொண்ணூற்றாறு. செங்கற்பட்டில் ஒரு கல்லூரி பி.யூ.சி.யில் அவளுக்கு இடமும் கொடுத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. பிறந்த இடம் ரங்கூன் என்று இருப்பதால், ஜூலை பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் பூர்வீகச் சான்று வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

இடம் போனால் முட்டைகோஸ் நறுக்க வேண்டியதுதான். அதை அவள் மிகவும் நன்றாக நறுக்குவாள். அவளுக்குப் பயமே அதுதான்.

"எப்டி வந்தே?" என்றான் தாமோதரன்.

"பஸ்லதான் சார். புதுப்பட்டினத்துலேர்ந்து..."

"அத்தக் கேக்கலய்யா. பர்மாலேர்ந்து."

"நடந்து."

பாரின் பேனா நின்றது. "படிவத்துல கப்பல் கீது, ஏரோப்ளேன் கீது. நடை இல்லியே."

"படிவம் போட்டவரு நடந்திருக்க மாட்டாரு சார்."

"கப்பல்ல வர்றதுக்கு இன்னா நோவு உனுக்கு?"

"பர்மா சர்க்கார்ல கடைய எடுத்துக்கினாங்கோ. சம்சாரம் கம்மலக் கழட்டிக்கினாங்கோ. இருந்த பேப்பரையும் புடுங்கிக்கினாங்கோ. பேப்பர் இல்லாதவனுக்குக் கப்பல்ல எடம் இல்லன்னுட்டாங்கோ. காட்டு வழியா மணிப்பூர் வந்து, அங்கேர்ந்து ரயிலு."

"ரயில் டிக்கெட் எங்க?"

"இறங்கறப்போ கேட்டுலயே வாங்கிக்கினாங்களே சார். வண்டில வர்ற எல்லார்கிட்டயும் வாங்கறாங்கோ."

விஷயம் கண்காணிப்பாளர் மேஜைக்குப் போனது. சுப்புராமன் படிவத்தை இரண்டு தடவை படித்தார். மனசு இளகியது. இளகிய மனசோடு அவர் கேட்டார்: "நடந்து வந்தீர்கள் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது ஆதாரம் ஆகாது. நடந்ததற்கு என்ன அத்தாட்சி?"

"காலு கீது சார்."

"அது சரி. அதை ஒரு டாக்டர் சொல்ல வேண்டும்."

நாலாம் நாள் டாக்டர் சீட்டு வந்தது. 'இவை மிக நீண்ட தூரம் நடந்த கால்கள். இவற்றை இனிமேலும் நடக்கவைக்க வேண்டாமெனச் சிபாரிசு செய்கிறேன்.' முதல் வாக்கியம் கோப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டாவது மருத்துவ வரம்பை மீறியது என்று அடிக்கப்பட்டது.

"உங்கள் பயணம் நிரூபணமாகிவிட்டது" என்றார் சுப்புராமன், மகிழ்ச்சியோடு. "இனிப் பெண்ணின் கால்."

"அது அப்போ அஞ்சு வயசுப் புள்ள சார். என் தோள்ல தூக்கினு வந்தேன்."

சுப்புராமனின் முகம் வாடியது. "தூக்கிக்கொண்டா? அப்படியானால் அவர் வரவில்லை. கொண்டுவரப்பட்டிருக்கிறார்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"ஒன்றாகுமா? வருபவர் பயணி. கொண்டுவரப்படுவது சுமை. எல்லை தாண்டி வந்த சுமைக்குச் சுங்க ரசீது இருக்க வேண்டும்."

அதுவரை பேசாமல் நின்ற ஷஹர்பானு வாயைத் திறந்தாள். "சார், சுங்கத்துல ரசீது போட்டிருந்தா நான் சாமான்னு ஆயிடும். சாமானுக்குக் காலேஜ்ல சீட்டு குடுப்பாங்களா?"

"குட் கொஸ்டின்" என்றார் சுப்புராமன். உண்மையாகவே பாராட்டினார். கேள்வியைக் கோப்பில் தனித்தாளில் எழுதி, பக்க எண் போட்டு, விடை வருவதற்கு அரைப் பக்கம் காலியாக விட்டார்.

"வாப்பா, வாங்க போவலாம்" என்றாள் அவள்.

"இரு புள்ள. சாரு நம்ம பக்கம்தான் கீறாரு. பாரு, எவ்ளோ எழுதறாரு."

கடைசியில் பள்ளிக்கூடப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். இந்த மண்ணில் ஷஹர்பானுவைப் பற்றி எழுதப்பட்ட முதல் வரி அதில்தான் இருந்தது. புதுப்பட்டினம் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் செல்லம்மா டீச்சர் பச்சை மையில் எழுதியிருந்தாள்: 'காது தொட்டாள். சேர்த்துக்கொள்ளப்பட்டாள். பிறந்த தேதி ஜூன் 1.'

அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருந்தார்கள். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. பிறப்புச் சீட்டு யாரிடம் இருந்தது? பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது. எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வா. மீனவர் பிள்ளை, மண்டிக்காரர் பிள்ளை, அய்யர் பிள்ளை, எல்லாம் அந்தக் காது வழியாகத்தான் கல்விக்குள் நுழைந்தன.

சுப்புராமன் அன்று வீட்டுக்குப் போகும்வரை யோசித்தார். மறுநாள் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். காது தொடுதலை வயதுக்கும் இருப்புக்கும் சான்றாகக் கொள்ளலாமா? கொள்ளலாமெனில் வலது கையா, இடது கையா? குழப்பம் வராமலிருக்க வலது கை என்று அவரே சிபாரிசும் செய்தார். கடைசியில் பேனாவை மூடப் போனவர், மனசாட்சி உறுத்த, இன்னொரு பத்தி சேர்த்தார்: 'நடுநிலைமை கருதி, இவ்விதி சான்று பெறுவோருக்கு மட்டுமா, சான்று அளிப்போருக்கும் பொருந்துமா என்பதையும் தெளிவுபடுத்தும்படி பணிவன்புடன் வேண்டுகிறேன்.'

அந்தப் பத்தியை அவர் மூன்று முறை படித்தார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் இவ்வளவு நேர்மையான பத்தியை எழுதியதில்லை என்று தோன்றியது. அன்று தயிர்சாதம் ருசித்தது.

பதில் வரவில்லை. ஜூலை ஒன்று போனது. ஐந்து போனது. ஷஹர்பானு தினமும் காலையில் வந்து வராந்தாவில் உட்கார்ந்து, யாரிடமோ இரவல் வாங்கிய பி.யூ.சி. புத்தகத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் தேதி ஏசுபாதம் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, காலேஜுல சேர்றதுக்குள்ள காலேஜ முடிச்சுடுவே போலக்கீதே" என்றார்.

பத்தாம் தேதி மத்தியானம் இரண்டரை மணிக்குத் தபால் வந்தது. நூர்முகமது வண்டியை மூடிவிட்டு வந்து காத்திருந்தார். சுப்புராமன் உறையைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'காது தொடுதல் சான்றாகும். வலது கையால் தொடுபவர் ஐந்து வயது நிரம்பியவராகக் கருதப்படுவார்.'" ஷஹர்பானு எழுந்து நின்றுவிட்டாள். "'தொடாதவர் நிரம்பாதவராகக் கருதப்படுவார். தங்கள் மேலான யோசனையை ஏற்று, இவ்விதி சான்று அளிக்கும் அலுவலர்களுக்கும் உடனடியாக அமலுக்கு வருகிறது. ஐந்து வயது நிரம்பாத அலுவலர் எக்காரணம் கொண்டும் கையொப்பமிடக் கூடாது.'"

ஷஹர்பானு கையைத் தலைக்கு மேல் வீசி இடது காதை லபக்கென்று பிடித்தாள். பரீட்சை ஒரு விநாடியில் முடிந்தது. எல்லோரும் சுப்புராமனைப் பார்த்தார்கள்.

அவர் வலது கையைத் தூக்கினார். அது சட்டைப் பை வரை வந்தது. இன்னும் தூக்கினார். முகம் சிவந்தது, கை வரவில்லை.

"இடது கையால தொடலாமே சார்?" என்றார் நூர்முகமது.

"வலது கை என்று இருக்கிறது."

"யாரு சார் அப்டி எழுதினது?"

சுப்புராமன் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார்.

"அப்ப தாமோதரன் அண்ணாத்த கையெழுத்துப் போடட்டுமே, பொறுப்புல" என்றார் ஏசுபாதம்.

தாமோதரன் உற்சாகமாகக் கையை வளைத்து முடிக்குள் விட்டுத் துழாவினான். "தொட்டுட்டேன்."

"எத்தத் தொட்டீங்க? ஒண்ணும் தெர்லியே."

"காதத்தான்யா!"

"காது கீதுன்னே இன்னும் ரூஜு ஆவலியே" என்றார் ஏசுபாதம் வருத்தத்துடன். "முடி ஒதுக்கிக் காட்டுங்க."

தாமோதரன் மறுத்துவிட்டான். சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. அந்த முடி படியவைக்க ஒரு மணி நேரம் ஆகும். ஏசுபாதம் போகிற போக்கில் தன் காதைத் தொட்டுக் காண்பித்தார். அலுவலகத்தில் அந்த நிமிஷம் வயது வந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை.

மணி மூன்றேகால். செங்கற்பட்டு பஸ் மூன்று ஐம்பதுக்கு.

சுப்புராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பெண்ணுக்காக எவ்வளவு எழுதினோம், நாற்பத்திரண்டு பக்கம் என்று நினைத்தார். நாற்பத்திரண்டு பக்கம் எழுதியதற்குப் பதில் முதல் நாளே ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்ற எண்ணமும் உடனே கூட வந்தது. அது முறையான வழியாக வராத எண்ணம். இருந்தாலும் போகமாட்டேன் என்று நின்றது.

"கையக் குடுங்க சார்" என்றாள் ஷஹர்பானு.

"வலிக்கும் அம்மா."

"வலிக்கும்தான். வாப்பா, நீங்க அந்தப் பக்கத் தோளப் புடிச்சுக்கோங்க. ஏசுபாதம் அண்ணே, நீங்க இடுப்பு."

வருஷக்கணக்காக முட்டைகோஸ் நறுக்கியும் அத்தோ பிசைந்தும் பழகிய கை அவளுடையது. முதலில் தோளை நாலு பிசை பிசைந்தது. பிறகு முழங்கையைப் பிடித்து மேலே ஏற்றியது. சுப்புராமன் போட்ட கூச்சலில் கீழே மண்டியில் அரிசி அளந்துகொண்டிருந்தவர்கள் அளவை மறந்து மேலே ஓடி வந்தார்கள். தோளுக்குள் ஏதோ 'டக்' என்றது. கை தலையைத் தாண்டியது. நடுவிரல் காது மடலில் பட்டது.

"தொட்டாரு!" என்று கத்தினார் ஏசுபாதம். மண்டிக்காரர்கள் விஷயம் தெரியாமலே கை தட்டினார்கள்.

"முபாரக் சார். அஞ்சு வயசு ஆயிடுச்சு" என்றார் நூர்முகமது.

கண்ணில் நீர் வழிய, ஐந்து வயது நிரம்பிய சுப்புராமன் பேனாவை எடுத்தார். பொய் எழுத அவர் மனம் ஒப்பவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதினார்: 'இவர் காது தொட்டார். ஐந்து வயதுக்குக் குறையாதவர். இவர் வரவில்லை, கொண்டுவரப்பட்டார். எங்கிருந்து என்பது இவ்வலுவலகத்துக்குத் தெரியாது. இவர் இங்கே இருப்பது நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது.' கீழே வட்ட முத்திரை. மை மங்கலாக விழுந்ததால் இன்னொன்று. அழகுக்கு மூன்றாவது.

கல்லூரியில் மணி நான்கு ஐம்பத்தைந்து. ஜன்னலை மூடப் போன குமாஸ்தா காகிதத்தை வாங்கினார். "ரவுண்டு சீல் கீதா? மூணு கீதே! போம்மா, போய் உக்காரு." படிக்கவில்லை. அவருக்கும் அஞ்சு மணிக்கு பஸ்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் சுப்புராமன் தயிர்சாத டப்பாவைத் திறந்தார். தோள் விண்விண் என்று தெறித்தது. அன்றைய விசாரணையில் முதல் முறையாக ஒரு சின்ன ஆதாரம் தாக்கலானது.

இத்துடன் முடிந்திருந்தால் இது மங்களகரமான கதை. ஆனால் டிசம்பரில் அந்தக் கல்லூரிக்குத் தணிக்கை வந்தது. முந்நூறு மாணவர்களின் காகிதங்களையும் புரட்டிய தணிக்கைக் குழு, 'இங்கே இருப்பது நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்ட' மாணவர் ஒரே ஒருவர்தான் என்று கண்டுபிடித்தது. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் என்ன ஆதாரத்தில் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்? குழு திகைத்தது. அடுத்த ஜூன் முதல் மாவட்டத்தில் கல்லூரியில் சேரும் எல்லோரும், பெற்றோர் உட்பட, 'இருப்புச் சான்று' கொண்டுவர வேண்டும், மாதிரிக்கு ஷஹர்பானுவின் சான்று இணைக்கப்பட்டுள்ளது என்று உத்தரவு பிறந்தது.

ஜூனில் அரிசி மண்டியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை வரிசை. பன்னிரண்டு தலைமுறையாக ஏரிக்கரையை விட்டு நகராதவர்கள், கடப்பாக்கத்துக் கடலோரத்தில் கோட்டை இடிவதற்கு முன்பிருந்தே வலை வீசியவர்கள், எல்லோரும் பிள்ளைகளோடு நின்றார்கள். நிற்கும்போதே பரீட்சைக்குப் பழகிக்கொண்டார்கள். ஐந்நூறு வலது கைகள் ஐந்நூறு தலைகளைச் சுற்றிக் கிடந்தன. மகாபலிபுரம் போகிற டூரிஸ்ட் பஸ் ஒன்று நின்று, வெள்ளைக்காரர்கள் இறங்கிப் படம் பிடித்தார்கள். இரண்டு பேர் சாலையோர மணலில் அமர்ந்து தாங்களும் காதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். அடுத்த வாரம் தாமோதரனும் அப்படி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். பாரின் ஸ்டைல்.

வரிசையில் நூற்றுப் பதினேழாவது ஆள் சுப்புராமன். மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். பக்கத்தில் பி.யூ.சி. சேர வேண்டிய வரலட்சுமி. காது தொடுவதில் அவருக்கு இப்போது கவலையே இல்லை. அன்றைக்கு இழுத்த இழுப்பில் தோள் எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஆகிவிட்டது. மேஜைக்குப் பின்னால் பொறுப்பு அலுவலர் தாமோதரன். பதவிக்காக முடியைத் தியாகம் செய்திருந்தான். காது இரண்டும் இருந்தன.

"எப்டி வந்தீங்க சார்?"

"பஸ்ஸில்தான்."

"அத்தக் கேக்கல சார். பூர்வீகமா. படிவத்துல கப்பல், விமானம், நடை, சுமை, நாலு கீது. கடைசி ரெண்டும் நீங்களே சிபாரிசு பண்ணது."

"நான் எங்கிருந்தும் வரவில்லையே தாமோதரன். நான், என் அப்பா, தாத்தா, எல்லோரும் மதுராந்தகம்தான்."

"வரவே இல்லியா? அப்ப எப்டி சார் இங்க கீறீங்க?" தாமோதரன் உண்மையாகவே குழம்பிப்போனான். "அடுத்த ஆளு!"

கீழே, வரிசையை நம்பி நூர்முகமது அத்தோ வண்டியைக் கொண்டுவந்து போட்டிருந்தார். வண்டியோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஷஹர்பானு எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் பூர்த்தி செய்துகொண்டிருந்தாள். மாவட்டத்தில் இருப்பு நிரூபணமான ஒரே பிரஜை.

"இன்னா சார், ஆவலியா?" என்றார் நூர்முகமது.

"வந்ததற்கு அத்தாட்சி கேட்கிறான்."

"அதான் சார் பேஜாரு. எங்கனா போய்ட்டு வந்திருந்தா ஒரு வழி கெடைச்சிருக்கும். நீங்க இங்கியே இருந்துட்டீங்களே."

"இப்ப போயிட்டு வாங்க சார்" என்றாள் ஷஹர்பானு, தலை நிமிராமல். "பொண்ணத் தோள்ல தூக்கிக்கினு ஊர் எல்லை தாண்டி ஒரு எட்டு போய்ட்டு வாங்க. நீங்க நடை, அவ சுமை. படிவத்துல ரெண்டு கட்டமும் ரொம்பிடும்."

அவள் விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று சுப்புராமனுக்குப் புரியவில்லை. ஆனால் விதி அவருக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தார், விதியில் தடையில்லை.

"ஐயோ அப்பா, வேண்டாம். எனக்குப் பதினாறு வயசு!" என்றாள் வரலட்சுமி.

"அதற்கு என்ன ஆதாரம்?" என்றார் சுப்புராமன், பழக்க தோஷத்தில். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுச்சாலையில், முதுகைக் காட்டிக் குனிந்தார்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏரிக்கரைக்காரர் முதலில் குனிந்தார். கடப்பாக்கத்துக்காரர் அடுத்துக் குனிந்தார். அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரை, ஒவ்வொருவராக, எல்லோரும்.